கண்டியில் வாங்காத மோதிரம்

முதல் நாள், காலை 10.40

கட்டுநாயக்க விமான நிலையத்தில் நாங்கள் செய்த முதல் வேலை பணம் மாற்றியது. ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று ரூபாய் முப்பது சதம் கொடுத்தார்கள். எங்கள் இருபதாயிரம் அறுபத்தாறாயிரமாகக் கைக்கு வந்ததும், "அம்மா, நாம இப்ப பணக்காரங்க" என்றாள் என் மகள் நிவேதா. வெளியே வந்து ஒரு தண்ணீர் பாட்டில் 150 ரூபாய் கொடுத்து வாங்கியதோடு அந்தப் பணக்காரத்தனம் முடிந்துபோனது.

நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர் செந்தில், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் நிவேதா, என் கணவரின் அக்கா பார்வதி. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். திண்டுக்கல்லில் நானும் என் கணவரும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். பதினாறு வருடத்தில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் அடுப்பை அணைத்தது இதுதான் முதல் தடவை. மூன்று இரவு, நான்கு பகல். விமானம், வேன், தங்குமிடம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு முப்பத்தெட்டாயிரம். அது போக, பொருள் வாங்க நாங்கள் ஒதுக்கியது அந்த இருபதாயிரம்தான். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று கிளம்புமுன்பே பேசி வைத்திருந்தோம்.

மதினியின் பையில் மட்டும் தனியாக அறுநூறு டாலர் இருந்தது. அவர் மகள் சங்கீதாவுக்குத் தை மாதம் கல்யாணம். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த பிறகு, நாங்கள் இலங்கை போகிறோம் என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "அங்கேயே போறீங்க, மாப்பிள்ளைக்கு ஒரு நீலக்கல் மோதிரம் எடுத்துட்டு வந்துருங்க. அங்க மலிவாமே." மதினி கணவரை இழந்து பதினோரு வருடமாகத் தையல் மிஷினை மிதித்துப் பெண்ணைப் படிக்க வைத்தவர். போட்டு வைத்திருந்த சீட்டைத் தள்ளி எடுத்து, மதுரையில் டாலராக மாற்றிக்கொண்டார். கேட்டது அவர்கள். தலையாட்டியது நாங்கள் எல்லாரும்தான். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அந்த எரிச்சலோடுதான் நான் வேனில் ஏறினேன்.

பகல் 1.30, மாவனல்லைக்கு அருகில்

எங்கள் வேன் ஓட்டுநர் மோகன். நாற்பது வயது இருக்கும். புசல்லாவைக்காரர், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். அவர் பேச்சு ஏறக்குறைய எங்கள் ஊர்ப் பேச்சு போலவே இருந்தது. கண்டிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது வேனை ஒரு மூலிகைத் தோட்டத்துக்குள் திருப்பினார்.

"இது ஃப்ரீ அக்கா. சும்மா பாத்துட்டு வாங்க."

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் எங்களை வரவேற்று, பத்து நிமிடம் செடிகளைக் காட்டினார். இருபது நிமிடம் என் கணவரின் தோளைப் பிடித்துவிட்டார். பிறகு ஒரு கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி 9,500 ரூபாய். கறுவாப் பட்டை நூறு கிராம் 3,200. நம் ஊரில் பட்டை என்பதை இங்கே கறுவா என்கிறார்கள். நான் ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன், முகர்ந்தேன், நுனி நாக்கில் வைத்தேன். சுருட்டு மாதிரி மெல்லிசாக உருட்டிய நல்ல பட்டைதான். சரக்கில் குறை சொல்ல முடியாது.

"கிலோ என்ன விலைங்க?" என்றேன்.

"கிலோ கணக்குல குடுக்கிறதில்லை மேடம். இது மருந்து."

"மருந்துன்னா ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. வெளியில வாங்கிக்கறேன்."

நிவேதா சிரித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. தோளைப் பிடித்துவிட்டதற்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். மோகனின் முகம் மாறியிருந்தது. வேன் கதவை அவர் சாத்திய சத்தத்தில் எனக்குக் கமிஷன் விஷயம் புரிந்தது.

மாலை 4.15, கண்டி

கண்டிக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தங்குமிடத்துக்குப் போவோம் என்று நினைத்தோம். வேன் ஒரு ரத்தினக்கல் கடை வாசலில் நின்றது. மோதிரம் வாங்க வேண்டும் என்று என் கணவர் வழியில் மோகனிடம் சொல்லியிருந்தார்.

முதலில் ஓர் இருட்டு அறையில் கல் எடுக்கும் சுரங்கத்தைப் பற்றிப் படம் காட்டினார்கள். பிறகு குளிர்ந்த கூடத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். நன்றாகத் தமிழ் பேசும் விற்பனையாளர் ஒருவர் கறுப்பு வெல்வெட் தட்டோடு வந்தார். மதினியின் மடியில் இருந்த பையை அவர் இரண்டு முறை பார்த்ததை நான் கவனித்தேன்.

"எவ்வளவுல பாக்குறீங்கம்மா?"

மதினி வெகுளியாக, "அறுநூறு டாலர் இருக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு காட்டிய மோதிரம் எதுவும் அறுநூறு டாலருக்குள் இல்லை. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் இலங்கை ரூபாய், எங்களுக்காகத் தள்ளுபடி போட்டு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். மதினியிடம் இருந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குச் சமம். சின்னக் கல் இல்லையா என்று மதினி கேட்டார். விற்பனையாளர் குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இருக்கும்மா. ஆனா மாப்பிள்ளைக்குன்னா இதுக்குக் கீழ போடுறது கௌரவமா இருக்காது. பாக்கிறவங்க பொண்ணு வீட்டைத்தானே பேசுவாங்க."

மதினி தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் என்னிடம் கையை நீட்டினார். "நம்ம காசுல முப்பதாயிரம் எடு மல்லிகா. அக்கா வெறுங்கையோட போகவேண்டாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாங்கள் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்த காசில் பாதியை, முகம் தெரியாத ஒருவரின் கௌரவத்துக்கு இந்தத் தட்டில் கொட்ட வேண்டுமாம்.

"அந்த மோதிரத்தை வாசலுக்குக் கொண்டு வாங்க. பகல் வெளிச்சத்துல பாக்கணும்" என்றேன்.

"வெளிய எடுத்துப் போக அனுமதி இல்லை மேடம். சர்ட்டிபிகேட் தர்றோமே."

"வெளிச்சத்துக்கு வராத கல்லு எங்களுக்கு வேண்டாம். எந்திரிங்க மதினி."

அவர் எழுந்தார். என் கணவர் எழவில்லை. நான் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நிவேதா பின்னால் வந்தாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு என் கணவரும் வர வேண்டியதாயிற்று.

மாலை 5.00, ஏரிக்கரை

வேனுக்குள் பெரிய சண்டை. "என் அக்கா பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்கப் பாக்குறியா?" என்று என் கணவர் கத்தினார். நானும் கத்தினேன். மதினி ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டி ஏரியை இப்படித்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். மழையில் அது மிக அழகாக இருந்தது என்பதை நிவேதா எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

மோகன் வேனை ஓரம் கட்டினார். எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு நாள் சம்பளம் மூவாயிரம் ரூபா. ஷாப்புல நீங்க வாங்குனாத்தான் எனக்கு மிச்சம். நாளைக்கு இன்னும் ரெண்டு ஷாப் இருக்கு. உங்களை அங்க கொண்டுபோய் எறக்கலைன்னா ஆபீஸ்ல அடுத்த ட்ரிப் தரமாட்டாங்க."

எனக்கு அவர் மீது கோபம் வரவில்லை. கொடைக்கானல் போகும் வேன்காரர்கள் எங்கள் மெஸ்ஸுக்கும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர்களுக்கு இலவசச் சாப்பாடு, கையில் இருநூறு ரூபாய். அந்த இருநூறை நான் யார் சாப்பாட்டு விலையில் ஏற்றி வாங்குகிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக ஏமாறிக் கொடுக்கவும் முடியாது.

"மோகன், உங்க வீட்டுக்காரம்மா தீபாவளிக்கு எங்க சாமான் எடுப்பாங்க?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "மடவளைக்கு வருவோம் அக்கா. முஸ்லிம் ஆளுங்க கடைங்க. உடுப்பு, மசாலா சாமான் எல்லாம் வெல கொறைவு. ஆனா அங்க டூரிஸ்ட் போறதில்லை. வேன் எங்க போகுதுன்னு ஆபீஸ்ல பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"வேன் வேண்டாம். பஸ்ல போறோம்."

இரண்டாம் நாள், காலை 8.30

இன்று வேன் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை மோகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பயண அலுவலகத்திலிருந்து எனக்கு போன் வந்தது. நல்ல அதட்டலான குரல். "மேடம், இன்னைக்கு பாட்டிக் துணிக் கடை, ரெண்டாவது ஜெம் ஷாப். புரோகிராம்ல இருக்கு."

நான் அவர்கள் கொடுத்த தாளைக் கையில் வைத்திருந்தேன். "கண்டி சிட்டி டூர்னு போட்டிருக்கு. கடைக்குள்ள போகணும்னு எந்த வரியில இருக்கு? படிங்க, கேக்கறேன்."

அவர் படிக்கவில்லை. "கஸ்டமர் இஷ்டம்" என்றார்.

"இன்னொண்ணு. இது எங்க முடிவு. டிரைவர் மேல ஏதாவது நடவடிக்கை எடுத்தீங்கன்னா, நடந்ததெல்லாம் உங்க பேரோட நான் எழுதுவேன்."

இதோ எழுதிவிட்டேன். மோகனுக்கு அடுத்த பயணம் கிடைத்துவிட்டதால் அலுவலகத்தின் பேரை மட்டும் விட்டுவிட்டேன்.

காலை 10.10, மடவளை

கண்டி பஸ் நிலையத்தில் வத்தேகம போகும் பஸ்ஸில் ஏறினோம். "கொஹேத?" என்று நடத்துநர் சிங்களத்தில் கேட்டார். நாங்கள் விழித்ததும், "எங்க போறீங்க?" என்று தமிழுக்கு மாறினார். தலைக்கு எழுபது ரூபாய். மகாவலி ஆற்றைத் தாண்டி, மேடும் பள்ளமுமாக முக்கால் மணி நேரம். மடவளை கடைத்தெருவில் இறங்கினோம். பள்ளிவாசல், பழக்கடை, துணிக்கடை, இரும்புக்கடை, இரண்டு பக்கமும் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தேநீர் நீட்டவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

மோகன் சொல்லிவிட்ட கடையை பரீனா என்ற பெண்ணும் அவர் கணவரும் நடத்துகிறார்கள். பரீனாவுக்கு என் வயதுதான் இருக்கும். முன்பக்கம் மசாலா, உள்பக்கம் உடுப்பு. மதினியைப் பார்த்து, "வாங்க தாத்தா, இருங்க" என்று பரீனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நிவேதா வாயைப் பொத்திக்கொண்டாள். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்கிறார்கள் என்று பரீனாவின் கணவர் விளக்கினார். இரண்டு நாளில் மதினி சிரித்தது அப்போதுதான்.

கறுவா நூறு கிராம் 550 ரூபாய். அதே பட்டை, அதே வாசனை. ஒடித்துப் பார்த்துவிட்டு ஒரு கிலோ கேட்டேன். கிலோவாக எடுத்தால் 5,000 என்றார். ஏலம் கால் கிலோ, கராம்பு அரை கிலோ. நம் கிராம்புதான் கராம்பு. நான் பேரம் பேச, பரீனா என்னைவிடக் கெட்டியாக நின்றார்.

"வேறெ கடையிலயும் கேட்டுப் பாருங்க. இதை விட வெல கொறைய ஈக்கிண்டா நானே வந்து அங்க வாங்குறேன்."

அப்படிச் சொல்லும் ஆளிடம் பேரம் பேச முடியாது. சொன்ன விலைக்கே வாங்கினேன்.

உள்பக்கம், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய துணிகள் குவிந்து கிடந்தன. நிவேதாவுக்கு இரண்டு ஜீன்ஸ், ஒவ்வொன்றும் 1,900. என் கணவருக்கு மூன்று சட்டை. மதினி ஒரு மழைக் கோட்டைக் கையில் எடுத்து உள்தையலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சங்கீதா கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறாள். வருடத்தில் பாதி நாள் அங்கே சாரலும் குளிரும். விலை 2,800. மதினி கோட்டைத் திரும்ப வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்னத்துக்கு யோசிக்கிறீங்க தாத்தா?" என்றார் பரீனா.

மதினி மோதிரக் கதையைச் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாதவர்களிடம்தான் சில விஷயம் வாயில் வரும் போலிருக்கிறது. பரீனா துணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்கட தங்கச்சிக்கும் கேட்டாங்க. முதல்ல ஆட்டோ. குடுத்தோம். பொறகு வீட்டுக்கு மேல் மாடி. அதுவும் கட்டிக் குடுத்தோம். இப்ப நாலாவது வருஷம். போன மாசம் ஃப்ரிட்ஜ் பழசாப் போச்செண்டு செல்லி அனுப்பியீக்கிறாங்க."

பரீனா அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். மதினி கடை வாசலுக்குப் போய் சங்கீதாவுக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பாப்பா, அந்தக் கல்லு வாங்கலைன்னா உனக்கு வருத்தமா இருக்குமா?"

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா" என்றாள் சங்கீதா. "ஆனா கல்லு என்கிட்ட யாரும் கேக்கலையே. அந்தக் காசுல முதல்ல உன் பல்லைக் கட்டும்மா. ஒரு வருஷமா ஒரு பக்கமா மென்னு தின்னுட்டிருக்க."

மதினி உள்ளே வந்தார். மழைக் கோட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்கு ஒரு பில் போடுங்க" என்றார்.

மாலை 5.40, மறுபடியும் ஏரிக்கரை

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு வந்து ஏரிக்கரை மதிலில் உட்கார்ந்திருந்தோம். நம் நாட்டவருக்கு அங்கே நுழைவுச் சீட்டு 1,500 ரூபாய். மதினியின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. மதினிக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்ன சம்பந்தி, கல்லு பாத்தாச்சா?"

"பாத்தேன். வாங்கல. வாங்கப்போறதும் இல்ல."

"என்ன இப்படிச் சொல்றீங்க? நான் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!"

"நீங்க சொன்னதுக்கு நான் என்ன பண்றது? மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம்னு பேசினோம். அது போடுறேன். அதுக்கு மேல என்கிட்ட இல்ல. இருந்தாலும் தரமாட்டேன்."

என் கணவர் பதறிப்போய் போனை வாங்கக் கை நீட்டினார். மதினி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"அப்ப இந்தக் கல்யாணம் நடக்கணும்னு உங்களுக்கு எண்ணம் இல்லையா?"

"கல்லு இல்லாம நடக்கணும்னுதான் எண்ணம். உங்களுக்கும் அதே எண்ணம் இருந்தா தை மாசம் பாப்போம்."

வைத்துவிட்டார். நிவேதா ஓடிப்போய் பால் இல்லாத ஒரு பிளேன்டீ வாங்கி வந்தாள். அறுபது ரூபாய். மதினி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். என் கணவர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வந்தவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "போனைப் புடுங்க வந்தது தப்புக்கா" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

மூன்றாம் நாள், காலை 11.00, புசல்லாவை

அன்று நுவரெலியாவுக்குப் போகும் நாள். கண்டியிலிருந்து கம்பளை வழியாக மலையேறினோம். புரோகிராமில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. அதன் கடையில் அரைக் கிலோ தேயிலை 2,400 என்று மோகன் முன்கூட்டியே சொன்னார். பிறகு நாங்கள் கேட்காமலே புசல்லாவைக் கடைத்தெருவில் வேனை நிறுத்தினார்.

"ஆபீஸ்ல கேட்டா டயர் பாத்தேன்னு சொல்லிக்கிறேன். வாங்க, நாங்க குடிக்கிற தூளைக் காட்டுறேன்."

ஒரு கிலோ 1,700 ரூபாய். மூன்று கிலோ வாங்கினோம். மோகனின் மனைவி வீட்டிலிருந்து இறங்கி வந்து எங்களோடு கால் மணி நேரம் நின்று பேசினார். கொழுந்து பறிக்கிறவர். விரல் நுனிகள் கறுத்திருந்தன. நாங்கள் கடைக்காரரோடு விலை பேசியபோது, எங்களுக்காக அவரும் சேர்ந்து பேசி நூறு ரூபாய் குறைத்தார்.

நான்காம் நாள், பகல் 12.00

கட்டுநாயக்கவில் இறங்கும்போது மோகனிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மத்தவங்க யாரும் வந்தா என் நம்பரைக் குடுங்க அக்கா. நேரா மடவளைக்கே ஏத்திட்டுப் போறேன்" என்றார்.

எங்கள் அறுபத்தாறாயிரத்தில் மிஞ்சியது 2,350. மதினியின் அறுநூறு டாலரில் அந்த மழைக் கோட்டுக்கு மாற்றியதைத் தவிர மற்றது அப்படியே இருந்தது.

இப்போது ஊரில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். மோதிரத்துக்குப் பதில் ரொக்கமாகவோ, மூன்று பவுன் கூடுதலாகவோ தரலாம் என்றார். சங்கீதா தரகரை உட்கார வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே மாப்பிள்ளைக்கு போன் போட்டாள். "அம்மா சொல்றபடி செஞ்சிருங்களேன், சின்ன விஷயம்தானே" என்றாராம் அவர். சின்ன விஷயம் என்றால் நீங்களே விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டு வைத்தாள். கல்யாணம் நின்றது. தை மாதத்துக்குப் பிடித்திருந்த மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் அறையை விட்டு வெளியே வராமல் அழுதாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எழுந்து, தன் அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இந்தச் செலவும் அழுகையும் இல்லாமல் எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இது.

கண்டியில் ஒரு வசதி உண்டு. கடையை விட்டு வெளியே வந்தால் அந்தக் கடைக்காரர் முகத்தில் மறுபடி விழிக்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் அப்படி இல்லை. காய்கறிச் சந்தையில், கோயில் வாசலில், எங்கள் மெஸ் மேசையில், யாராவது மதினியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இலங்கை வரைக்கும் போய் ஒரு கல்லுகூட வாங்கலையா என்கிறார்கள். அதற்கு அவர் பதில், "விலை கேட்டேன். கட்டுபடியாகல. விட்டுட்டு வந்துட்டேன்."

போன வாரம் எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இன்னும் நெருங்கி வந்து, குரலைத் தணித்து, "சரி, மாப்பிள்ளை வீடு என்னாச்சு?" என்று கேட்டார்.

மதினி வாசல் கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அதே பதிலைச் சொன்னார்.